எழுபது வயதுக் கால்களுக்குக் கொடைக்கானல் ஏற்ற ஊரா?

ஓய்வு பெற்றபின் கொடைக்கானலில் வந்து குடியிருக்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ தேனியிலோ சொந்த வீடு இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். கோடையில் நான்கு நாள் இங்கே தங்கி, காலையில் ஏரியைச் சுற்றி நடந்து, பஜாரில் பேரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதே, இங்கேயே ஒரு வீட்டைப் பார்த்தால் என்ன?" என்று தோன்றிவிடும். தோன்றுவதில் தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வந்து பதினாறு வருடம் ஆகிறது. போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்த ஊர் உருவான விதத்தைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஊர்கள் பல, கோயிலையோ கோட்டையையோ சுற்றித் தானாக வளர்ந்தவை. கொடைக்கானல் டவுன் அப்படி அல்ல, யோசித்துக் கட்டப்பட்டது. மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் வெயிலிலும் காலராவிலும் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கே மலைக்காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845இல் ஏழாயிரம் அடி உயரத்தில், இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863இல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். அதுதான் கோக்கர்ஸ் வாக். பிரையண்ட் பூங்கா 1908இல் வந்தது. மோட்டார் ஓடும் மலைப்பாதை 1914இல்தான் வந்தது.

இதைக் கவனித்தால் ஒன்று புரியும். முதல் எழுபது வருடம் இந்த ஊருக்கு மோட்டார் வண்டியே வரவில்லை. பங்களா, சர்ச், பள்ளிக்கூடம், ஏரி எல்லாம் நடந்து போய் வரும் கணக்கில் அமைந்தன. ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலை ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல் இருப்பதும், பஜாரிலிருந்து ஏழு ரோடு சந்திப்புக்கும் அங்கிருந்து ஏரிக்கும் சில நிமிடத்தில் போய்விட முடிவதும் அதனால்தான். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பவர் தோட்ட நகரம் என்று புத்தகம் எழுதியது 1898இல். இப்போது பாரிஸில் பதினைந்து நிமிட நகரம் என்று பேசுகிறார்கள். வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் கடை, மருத்துவர், பள்ளி, பூங்கா எல்லாம் கிடைக்க வேண்டுமாம். தூரத்தை மட்டும் பார்த்தால் எங்கள் கொடைக்கானல் அந்தப் பரீட்சையில் எப்போதோ பாஸ் செய்துவிட்டது.

எங்கள் வீடு ஆனந்தகிரியில். ஒன்றாம் தெரு, இரண்டாம் தெரு என்று எண் போட்ட குடியிருப்புப் பகுதி. வங்கி, தபால் நிலையம், மருந்துக் கடை, பஸ் ஸ்டாண்ட், கோயில், காய்கறிக் கடை எல்லாம் கால் மணி முதல் இருபது நிமிடத்துக்குள். இந்தப் பதினாறு வருடத்தில் நான் வண்டி வாங்கவில்லை. எல்லாம் நடராஜா சர்வீஸ்தான். கீழே இருந்தபோது பால் பாக்கெட் வாங்கக்கூட ஸ்கூட்டரை உதைத்தவன் நான். இங்கே வந்த இரண்டாம் வருடமே சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது; மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார் மருத்துவர். பார்க்கில் வட்டம் போட்டு நடப்பது எனக்கு எப்போதும் சலிப்பு. தேங்காய் வாங்க நடப்பது சலிப்பதில்லை.

உடம்பைவிடப் பெரிய லாபம் மனிதர்கள். தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் நடப்பவனை ஊர் மனப்பாடம் செய்துவிடுகிறது. டீக்கடைக்காரர் சர்க்கரை போடாத டீயை நான் கேட்காமலே ஆற்றுவார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காய் விற்கும் அம்மா, "என்ன சார், ரெண்டு வாரமா ஆளையே காணோம்?" என்று கேட்பார். இது வெறும் குசலம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு நாள் பேப்பர் வாங்க வரவில்லை. பேப்பர் கடைப் பையன்தான் என்னிடம், "சார், வாத்தியார் வீட்ல பார்த்துட்டுப் போங்க" என்றான். போய்ப் பார்த்தால் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்தார். அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து தினமும் போன் செய்கிறவர்தான். ஆனால் அந்த இரண்டு நாளும், "அப்பா போனை எங்கேயோ வைத்திருப்பார்" என்று நினைத்திருக்கிறார். பேப்பர் கடைப் பையன் அப்படி நினைக்கவில்லை. நடந்து வாழும் ஊரில் இருக்கும் பாதுகாப்பு இதுதான். எந்தக் காவலாளியும் கேமராவும் இதைத் தர முடியாது.

இனி மறுபக்கம்.

படத்தில் தூரம் தெரியும், சரிவு தெரியாது. ஐந்நூறு மீட்டர் என்று போனில் காட்டும் இடத்துக்கு நடுவில் நூறு அடி ஏற்றம் இருக்கும். இந்த உயரத்தில் காற்றும் கடற்கரை ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. புதிதாக வருபவர்கள் ஏற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். நின்று நின்று போகலாம். இறக்கம்தான் முழங்காலைத் தின்னும். என் மனைவிக்கு மூட்டுவலி வந்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுக்கு இறங்கிப் போகணுமா?" என்பதுதான்.

நெய்வேலியில் என் தங்கை குடும்பம் முப்பது வருடம் இருந்தது. அதுவும் திட்டமிட்டுக் கட்டிய நகரியம்தான். வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர்நேரான சாலை, இரண்டு பக்கமும் மரம், பக்கத்திலேயே பள்ளி, கடை. அங்கே சமதளம், என் தங்கை மாமியார் எண்பது வயதிலும் கைத்தடியோடு கோயிலுக்குப் போய் வந்தார். ஆனால் அது வேலை பார்க்கிறவர்களுக்கான ஊர்; மாப்பிள்ளை ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிளம்பினார்கள். அங்கே கால் நடக்கும், காலம் முடிந்தால் கிளம்ப வேண்டும். இங்கே எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம், கால்தான் ஒத்துழைக்க வேண்டும்.

வண்டி இல்லாமல் வாழலாம் என்றேன். வண்டி தேவைப்படும் நாளில் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். சமவெளி ஊர்களைப் போல வாசலில் நின்று கைகாட்டி ஆட்டோ ஏறுகிற வழக்கம் இங்கே இல்லை. டாக்ஸிதான், பக்கத்தில் போவதற்கும் அதன் வாடகை கையைக் கடிக்கும். டாக்ஸியும் ரோட்டோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு படிக்கட்டு என்றால் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பீரோ எல்லாம் தலைச்சுமைதான். வீட்டில் ஒரு சுவர் பூச வேண்டுமென்றால் மணலின் விலையோடு அதைச் சுமந்து இறக்கும் கூலியும் சேரும். அந்தக் கூலி நியாயமானது. சுமப்பவருக்கும் முழங்கால் இருக்கிறதல்லவா? அந்தக் காலத்திலும் இதுதான் கதை. ரயிலில் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து துரைகள் குதிரையிலும் நாற்காலிப் பல்லக்கிலும் மலையேறினார்கள். பெட்டி படுக்கையும், பல நேரம் ஆளையுமே சுமந்து நடந்தவர்கள் நம் ஆட்கள். நடைக்காகக் கட்டிய ஊர் என்று நான் சொன்னதில், யாருடைய நடை என்ற கேள்வியும் இருக்கிறது.

பருவமழைக்காலம் இன்னொரு சோதனை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை படியெல்லாம் பாசி. மாலை நான்கு மணிக்கே பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்டதுபோல மூடுபனி இறங்கும். எதிரே வருவது ஆளா காட்டுமாடா என்று தெரியாது. இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. தெருவில் காட்டுமாடு நிற்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. இளைஞர்கள் ஒதுங்கி ஓடலாம். நாங்கள் அது மனமுவந்து வழிவிடும்வரை யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டும். இருட்டியபின் வெளியே போகும் வழக்கத்தையே பாதிப்பேர் விட்டுவிட்டோம்.

பிறகு வாகனங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை 36,501. சீசனில் எங்களை எங்கே தேடுவது என்றே தெரியாத அளவுக்குக் கூட்டம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். வியாபாரிகளுக்கு வருத்தம் உண்டு; அதில் நியாயமும் உண்டு. அவர்கள் வருடம் முழுக்கச் சாப்பிடுவது அந்த இரண்டு மாத வருமானத்தில்தான். ஆனால் வரம்புக்குள் வருகிற வண்டிகளே, மோட்டாருக்கு முன் அமைந்த ஊருக்கு அதிகம். நடைபாதை இருக்கும் இடத்தில் கடை விரித்திருக்கும். இல்லாத இடத்தில் வடிகால் ஓரம் ஒரு கால், ரோட்டில் ஒரு கால். மே மாதத்தில் நான் காலை எட்டு மணிக்குள் வேலையெல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தையும் மறைக்கக் கூடாது. காய்ச்சல், அடிபட்டது, பிரஷர் பார்ப்பது இதற்கெல்லாம் நடந்தே போய்விடலாம். பெரிய இருதயச் சிகிச்சை என்றால் மதுரை. 120 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. மழையில் மண் சரிந்தாலும் சீசனில் வண்டிகள் நெரிந்தாலும் எத்தனை மணி நேரம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏற்கெனவே இருதயக் கோளாறு உள்ளவர்கள் இதை ஒன்றுக்கு மூன்று முறை யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்த குறைகள். வெளியே தெரியாத குறை ஒன்று இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் எங்கள் தெரு அப்பத்தா.

அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவிலிருந்து நாற்பத்தாறு படி இறங்கினால் அவர் வீடு. ஒரு காலத்தில் சந்தைக்கு மூன்று நடை போய் வந்தவர். மலைப்பூண்டு எது கலப்படப் பூண்டு எது என்று மோந்தே சொல்லிவிடுவார். நான்கு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்குள் வாக்கர் வைத்து நடக்கிறார். ஆனால் அந்த நாற்பத்தாறு படியை ஏற முடியவில்லை. இரண்டு வருடம் அவர் ரோட்டையே பார்க்கவில்லை. பஜார் சத்தம் அவர் வீட்டுக்குக் கேட்கும். ஒருநாள் பார்க்கப் போனபோது என்னிடம், "தம்பி, சந்தையில யாரு யாரு இருக்காக? அந்த முட்டைக்கோசு விக்கிற பிள்ளை கல்யாணம் முடிஞ்சு போயிருச்சா?" என்று வெளியூர்க்காரர் விசாரிப்பதுபோல விசாரித்தார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

வாத்தியாரைக் காப்பாற்றியது அவர் தினமும் நடந்த நடை. அதே கணக்கில், நடக்க முடியாமல் போனவரை இந்த ஊர் மெல்ல மெல்ல மறந்தும்விடுகிறது. டீக்கடை, பேப்பர் கடை, சந்தை, கோயில் என்று நாம் வைத்திருக்கும் உறவெல்லாம் காலில் கட்டியிருக்கும் உறவு. வண்டியில் போய் வருகிற ஊரிலாவது ஒருவரைக் காரில் உட்கார வைத்து எங்கும் கூட்டிப் போகலாம். இங்கே நாற்பத்தாறு படி போதும், ஒருவரை ஊரைவிட்டே தள்ளிவைக்க.

இதன் முழு வடிவத்தைப் பார்க்க வெள்ளகவியை நினைத்துப் பாருங்கள். வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்குப் போகும் பழைய மலைவழியில் உள்ள கிராமம். ஊருக்குள் செருப்புப் போடாத வழக்கம் உள்ள ஊர். மலையேற்றத்துக்கு வரும் இளைஞர்கள், "ரோடே இல்லாத ஊர், சொர்க்கம்" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். விரும்பி நடப்பது ஒன்று, வேறு வழியில்லாமல் நடப்பது இன்னொன்று. நம் வயதில் முதலாவது எப்போது இரண்டாவதாக மாறும் என்று தெரியாது.

என் மனைவியின் முழங்கால் மோசமானபோது எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். "அப்பா, இங்க வந்துருங்க. லிப்ட் இருக்கு, காம்பவுண்டுக்குள்ளயே நடக்க டிராக் போட்டிருக்காங்க, வாசல்லயே ஆம்புலன்ஸ் வந்து நிக்கும்" என்றான். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. போய் ஒரு மாதம் இருந்து பார்த்தோம். டிராக் சமமாக இருந்தது, முழங்காலுக்கு நிம்மதி. ஆனால் அங்கே நடப்பவர்கள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே போனால் ஆறுவழிச் சாலை. ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் போனில்தான் ஆர்டர். இருபதாம் நாள் என் மனைவி, "இங்க நான் நல்லா நடக்கிறேன். ஆனா எங்கயுமே போகலையே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் முடிவாகிவிட்டது. திரும்பி வந்து, படிகளுக்குக் கீழே இருந்த வீட்டை விட்டுவிட்டு, ரோட்டு மட்டத்தில் சின்னதாக ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். பழைய வீட்டில் சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும். இந்த வீட்டில் எதிர்வீட்டுத் தகரக்கூரைதான் தெரிகிறது. ஆனால் வாசலைத் தாண்டினால் தார்ரோடு. அவளே தனியாகக் கோயிலுக்குப் போய் வருகிறாள்.

அப்பத்தா விஷயத்தில் தெருக்காரர்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசினோம். வீட்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் என்று முடிந்ததைப் போட்டோம். நாற்பத்தாறு படிக்கும் ஒரு பக்கம் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்தோம். நடுவில் இரண்டு இடத்தில் உட்காரக் கல் பலகை. நம் முன்னோர் சாலை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள். தலைச்சுமையை இறக்கி வைக்க அது உதவியது. எழுபது வயதில் நம் உடம்பே நமக்குச் சுமை, அதை இறக்கி வைக்கவும் ஒரு கல் வேண்டாமா? வெல்டிங் வேலைக்கு வந்த தம்பி கூலியில் பாதிதான் வாங்கிக்கொண்டார். அவருடைய அம்மாவும் படிக்குக் கீழேதான் இருக்கிறாராம்.

அப்பத்தா அன்றே ஏறிவிடவில்லை. பேரன் பிடித்துக்கொள்ள முதலில் பத்துப் படி. ஒரு வாரம் கழித்து முதல் கல் பலகை வரை. மேலே ரோட்டுக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. இப்போது மாதம் ஒருமுறை, மழை இல்லாத ஞாயிறு பார்த்து வருகிறார். சந்தை வரை போவதில்லை. ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரின் பையைத் திறக்கச் சொல்லி, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்டு, "ஏமாத்திட்டான்" என்று சொல்லி அனுப்புவார்.

ஆகவே கொடைக்கானல் வர நினைப்பவர்களுக்கு என் பதில் இது. வாருங்கள், ஆனால் சில காரியங்களைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டை ஏப்ரலில் மட்டும் பார்க்காதீர்கள், நவம்பர் மழையில் ஒருமுறை வந்து பாருங்கள். ரோட்டிலிருந்து வாசல்வரை படிகளை எண்ணுங்கள். இருபதுக்கு மேல் இருந்தால் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஐந்து கிலோ பையோடு பஜாரிலிருந்து நடந்து பாருங்கள். வழியில் எத்தனை இடத்தில் உட்கார முடிகிறது என்று கவனியுங்கள். ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் எந்த இடத்தில் நிற்கும், அங்கிருந்து உங்களை யார் தூக்கி வருவார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கணவன் மனைவி இருவரில் யாருடைய கால் பலவீனமோ அந்தக் காலை வைத்து வீடு பாருங்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள், உங்கள் தெருவில் யார் வெளியே வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் தெருவில் எண்ணியபோது மூன்று பேர் இருந்தார்கள். கைப்பிடி வைத்தபின் ஒருவர் வெளியே வந்திருக்கிறார். மற்ற இருவர் வீட்டுப் படிகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. தை பிறந்ததும், பாசி காய்ந்தபின் அந்த வேலையைத் தொடங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.